சாவி யார் கையில்?

இரண்டு சாஃப்ட்வேர்களை இணைக்கப் பத்து நிமிடம் போதும். நடுவில் நிற்பவரிடம் எதைக் கொடுத்தோம், பதில் வராத நேரத்தில் என்ன நடந்தது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் பத்து நாள் ஆகிறது.

சூரத் ரிங் ரோட்டு ஜவுளிச் சந்தையில் ஒரு மொத்த வியாபாரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவருடைய சேலைகள் நாடெங்கும் போகின்றன. ஆண்டு விற்றுமுதல் ரூ. 5 கோடியைத் தாண்டிவிட்டது. எனவே 2023 ஆகஸ்ட் 1-லிருந்து அவரும் இ-இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். அதாவது, இன்னொரு வியாபாரிக்குத் தரும் ஒவ்வொரு பில்லின் விவரத்தையும் அரசு அங்கீகரித்த பதிவுத் தளத்துக்கு அனுப்ப வேண்டும். அது திருப்பித் தரும் 64 எழுத்து கொண்ட பதிவு எண்ணையும் க்யூ.ஆர். கட்டத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆர்டர்கள் வருவது ஒரு சாஃப்ட்வேரில். கணக்கு இருப்பது வேறொன்றில். இரண்டுக்கும் நடுவே ஒரு குமாஸ்தா உட்கார்ந்துகொண்டு இதைப் பார்த்து அதில் தட்டிக்கொண்டிருக்கிறார்.

"இதுக்கு எதுக்கு காகா ஒரு ஆள்? ரெண்டையும் இணைச்சு விட்டா தானா நடக்கும்" என்கிறான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த அண்ணன் மகன்.

அவன் சொல்வது சரிதான். இணைத்துவிடலாம். இன்றைக்கு அதற்கென்றே சந்தையில் ஒரு தனி ரகம் சாஃப்ட்வேர் இருக்கிறது. ஸேப்பியர், மியூல்சாஃப்ட், வொர்க்காட்டோ, நம் ஊர் ஸோஹோ ஃப்ளோ என்று பல பெயர்கள். பொதுவாக இணைப்புத் தளம் என்று சொல்லலாம். ஒரு இடத்தில் ஏதாவது நடந்தால் அதைக் கவனித்து, விவரத்தை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு இடத்தில் கொடுப்பதுதான் இவற்றின் தொழில். மியூல்சாஃப்ட் என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான். இந்தச் சுமக்கிற வேலையை ஆங்கிலத்தில் கழுதை வேலை என்பார்கள். அதை மனிதர்கள் செய்ய வேண்டியதில்லை, ஒரு கோவேறு கழுதை செய்யட்டும் என்று பெயர் வைத்தார்கள். கழுதையின் மதிப்பைக் குறைத்து எடைபோட வேண்டாம். 2018-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் அதைச் சுமார் 650 கோடி டாலருக்கு வாங்கியது.

சுமப்பதோடு வேலை முடிவதில்லை. ஆர்டர் குஜராத்துக்குள் என்றால் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. கோவைக்கோ கொல்கத்தாவுக்கோ போனால் இரண்டும் சேர்ந்து ஐ.ஜி.எஸ்.டி. சரக்குக்கு ஏற்ற குறியீட்டு எண் போட வேண்டும். பைசாவை ரூபாயாக முழுமையாக்க வேண்டும். வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண் சரிதானா என்று பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட கணக்குகளை இணைப்புத் தளத்தின் கட்டங்களையும் அம்புக்குறிகளையும் வைத்து வரையப் போனால் கடைசியில் திரை முழுக்க நூல் சிக்கியது போல ஆகிவிடும். நாற்பது வரி புரோகிராம் எழுதினால் தீரும் விஷயம். அந்த நாற்பது வரியை எங்கே வைத்து ஓட்டுவது?

இங்கேதான் சர்வர் இல்லாத ஃபங்ஷன்கள் வருகின்றன. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், சர்வர் உண்டு. அது யாருடையது, எங்கே இருக்கிறது, எப்போது பழுது பார்த்தார்கள் என்பது உங்கள் தலைவலி இல்லை, அவ்வளவுதான். அமேசான் 2014 நவம்பரில் லாம்டா என்ற பெயரில் இதைத் தொடங்கி வைத்தது. மைக்ரோசாஃப்டும் கூகுளும் பின்தொடர்ந்தன. புரோகிராமை ஒப்படைத்தால் போதும். யாராவது கூப்பிடும்போது அது விழித்து எழுந்து, வேலையை முடித்துவிட்டுத் தூங்கிவிடும். விழித்திருந்த நேரத்துக்குத்தான் காசு. பழைய எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடியதை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே மீட்டர் ஓடுவது மில்லி செகண்டுகளில். லாம்டாவில் 10 லட்சம் அழைப்புகளுக்கு 20 அமெரிக்க சென்ட். எடுத்துக்கொண்ட நேரத்துக்கும் நினைவகத்துக்கும் தனிக் கட்டணம். மாதத்தின் முதல் 10 லட்சம் அழைப்புக்குக் கட்டணமே இல்லை. சேலை வியாபாரிக்கு இது ஏறக்குறைய இலவசம்தான். இந்த "ஏறக்குறைய" என்ற வார்த்தைக்குப் பின்னால் வரலாம்.

ஆக, ஏற்பாடு இப்படி: ஆர்டர் வந்ததும் இணைப்புத் தளம் கவனிக்கும், லாம்டா ஃபங்ஷனைக் கூப்பிடும். ஃபங்ஷன் வரி போட்டு, பதிவுத் தளத்துக்கு அனுப்பி, பதிவு எண்ணை வாங்கி, இணைப்புத் தளத்திடம் கொடுக்கும். அது கணக்கு சாஃப்ட்வேரில் எழுதும். படம் போட்டால் மூன்று கட்டம், இரண்டு கோடு.

அந்த இரண்டு கோடுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதல் கோட்டை வரைய இணைப்புத் தளம் ஒரு படிவத்தைக் காட்டும். எந்த வட்டாரம் என்று கேட்கும். மும்பை என்று சொல்லலாம், அமேசானின் மும்பை மையம் 2016-லிருந்தும் ஐதராபாத் மையம் 2022-லிருந்தும் இயங்குகின்றன. அடுத்து ஃபங்ஷனின் பெயர். அதற்கடுத்த கட்டம், சாவி. அமேசான் கணக்கில் ஒரு பயனாளரை உருவாக்கினால் இரண்டு வரி எழுத்துகள் கிடைக்கும். ஒன்று அடையாளம், மற்றொன்று ரகசியம். இரண்டையும் படிவத்தில் ஒட்டினால் இணைப்பு தயார். பச்சை விளக்கு எரியும். காகாவின் அண்ணன் மகன் டீ குடிக்கப் போய்விடுவான்.

அவன் செய்ததைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். முதலில், அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒரு பிழை வந்திருக்கும். என்ன அனுமதி குறைகிறது என்று தேடிப் பார்க்கப் பொறுமை இல்லாமல், அந்தப் பயனாளருக்கு நிர்வாகி அதிகாரம் முழுவதையும் கொடுத்திருப்பான். பிழை போய்விட்டது. உலகம் முழுவதும் தினமும் நடக்கிற காரியம் இது. ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுவதற்காகக் கொடுத்த சாவி இப்போது கடையின் எல்லாப் பூட்டையும் திறக்கும். அது காலாவதி ஆகாது. அது இருப்பது கடையிலும் இல்லை, இணைப்புத் தளத்தை நடத்துகிற வேறொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில்.

அப்படி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025 ஆகஸ்டில் ஒரு பெரிய உதாரணம் கிடைத்தது. ட்ரிஃப்ட் என்பது இணையதளங்களில் வாடிக்கையாளரோடு அரட்டை அடிக்கும் ஒரு சாஃப்ட்வேர். சேல்ஸ்லாஃப்ட் என்ற நிறுவனத்துக்குச் சொந்தமானது. பேசிய விவரங்களைக் கொண்டுபோய் வைப்பதற்காக அது தன் வாடிக்கையாளர்களின் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்குகளோடு இணைக்கப்பட்டிருந்தது. அந்த இணைப்புக்கான அனுமதிச் சீட்டுகளைத் திருடர்கள் கைப்பற்றினார்கள். ஆகஸ்ட் 8-க்கும் 18-க்கும் இடையில் ஒவ்வொரு கணக்காக உள்ளே போய்த் தகவல்களை அள்ளினார்கள். சேல்ஸ்ஃபோர்ஸின் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. வந்தவர்கள் கையில் இருந்தது முறையான சாவி. 700-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கூகுளின் பாதுகாப்புப் பிரிவு மதிப்பிட்டது. பாதிக்கப்பட்டதாகத் தாமே அறிவித்தவர்களில் கிளவுட்ஃப்ளேர், ஸீஸ்கேலர், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் போன்றவையும் இருந்தன. ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிற கம்பெனிகள்.

அள்ளிய தகவலில் அவர்கள் தேடியது என்ன என்பது இன்னும் சுவாரசியம். அமேசானின் நிரந்தரச் சாவிகள் ஏ-கே-ஐ-ஏ என்ற நான்கு எழுத்தில் தொடங்கும். திருடர்கள் அந்த நான்கு எழுத்தைத் தேடினார்கள். வாடிக்கையாளர்கள் எப்போதோ உதவி கேட்டு எழுதியபோது, "எங்கள் இணைப்பு வேலை செய்யவில்லை, சாவி இதுதான், பாருங்கள்" என்று ஒட்டி அனுப்பியிருப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. மனித சுபாவம் தெரிந்தவர்கள்.

இதற்கு மாற்று ஏற்பாடு நெடுநாளாகவே இருக்கிறது. பலர் அதைத் தொடுவதில்லை, படிவத்தில் இரண்டு கட்டம் கூடுதல் என்பதால். சாவிக்குப் பதிலாக ரோல் என்று ஒன்றை உருவாக்கலாம். நாடகத்தில் வேஷம் மாதிரி. "இன்ன எண்ணுள்ள அமேசான் கணக்கிலிருந்து வருபவர் இந்த வேஷத்தைப் போட்டுக்கொள்ளலாம்" என்று உங்கள் பக்கத்தில் எழுதி வைக்கிறீர்கள். அந்த எண் இணைப்புத் தளத்தின் கணக்கு எண். அவர்கள் ஒவ்வொரு முறையும் வந்து வேஷத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கிடைக்கும் சாவி தற்காலிகமானது, வழக்கமாக ஒரு மணி நேரத்தில் செல்லாமல் போகும். அந்த வேஷத்துக்கு ஒரே ஒரு அனுமதி: இந்தப் பெயருள்ள இந்த ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடலாம். வேறு ஃபங்ஷனைப் பார்க்கவோ, பட்டியல் எடுக்கவோ, புரோகிராமைத் திருத்தவோ முடியாது. உறவு முறிந்தால் ரோலை அழித்தால் போதும். சாவியை யாரிடமிருந்தும் திரும்ப வாங்க வேண்டியதில்லை.

படிவத்தில் எக்ஸ்டர்னல் ஐடி என்று இன்னொரு கட்டம் இருக்கும். எதற்கென்று தெரியாமல் காலியாக விடுவார்கள். அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. நார்ம் ஹார்டி என்ற கம்ப்யூட்டர் நிபுணர் 1988-ல் எழுதியது. டைம்ஷேர் என்ற அமெரிக்கக் கம்பெனியில் ஒரு கம்பைலர் இருந்தது. அதற்குத் தன் புள்ளிவிவரங்களை எழுதிக்கொள்வதற்காக ஒரு டைரக்டரியில் எழுதும் அதிகாரம் கொடுத்திருந்தார்கள். வாடிக்கையாளர்களின் பில் விவரங்கள் இருந்த ஃபைலும் அதே டைரக்டரியில்தான் இருந்தது. ஒரு பயனாளர் கம்பைலரைக் கூப்பிட்டு, "பிழைத் தகவலை இந்தப் பெயருள்ள ஃபைலில் எழுது" என்றார். அவர் சொன்ன பெயர் பில் ஃபைலின் பெயர். அவருக்கு அதைத் தொட அதிகாரம் இல்லை, ஆனால் கம்பைலருக்கு இருந்தது. கம்பைலர் சொன்னபடி செய்தது. கம்பெனியின் பில் விவரம் போயிற்று. குழம்பிய பிரதிநிதி என்று ஹார்டி இதற்குப் பெயர் வைத்தார்.

இணைப்புத் தளமும் அப்படியொரு பிரதிநிதிதான். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களுக்காக அது ஒரே அமேசான் கணக்கிலிருந்து போகிறது. உங்கள் ரோலின் பெயரை எப்படியோ தெரிந்துகொண்ட இன்னொரு வாடிக்கையாளர் தன் படிவத்தில் அதை ஒட்டினால்? தளம் அவருக்காக உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும், நீங்களும் தெரிந்த முகம்தானே என்று திறந்துவிடுவீர்கள். எக்ஸ்டர்னல் ஐடி என்பது, "யாருக்காக வந்திருக்கிறாய்?" என்று வாசலில் கேட்கும் கேள்வி. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தளமே ஒரு தனி எண்ணைத் தர வேண்டும். வாடிக்கையாளரே தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும் தளத்தை நம்புவதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம்.

குறுக்கு வழி ஒன்றும் இருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து ஒரு லாம்டா ஃபங்ஷனுக்கு நேரடியாக இன்டர்நெட் முகவரி தரலாம். அடையாளம் கேட்க வேண்டாம் என்று தேர்ந்தெடுத்தால் ரோல் வேண்டாம், சாவி வேண்டாம், முகவரி தெரிந்த யாரும் கூப்பிடலாம். முகவரி நீளமாக, யாரும் ஊகிக்க முடியாததாக இருக்கிறதே என்பார்கள். அந்த நீளமான முகவரி அலுவலக வாட்ஸ்அப் குழுவில் எத்தனை முறை ஒட்டப்பட்டிருக்கும் என்று அவர்களிடமே கேட்க வேண்டும்.

இரண்டாவது கோடு, ஃபங்ஷனிலிருந்து அரசுப் பதிவுத் தளத்துக்குப் போவது. இதில் முதல் அதிர்ச்சி, முகவரி. நேரடியாக இணைந்துகொள்ள விரும்புபவர்கள் எந்தெந்த ஐபி முகவரியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். லாம்டா ஃபங்ஷனுக்கோ நிலையான முகவரி கிடையாது. ஒவ்வொரு தடவையும் எந்தச் சத்திரத்தில் இடம் கிடைக்கிறதோ அங்கே தங்கிவிட்டுப் போகும் ஆசாமி. நிலையான முகவரி வேண்டுமென்றால் தனி நெட்வொர்க் ஒன்றை அமைத்து, அதன் வாசலில் நாட் கேட்வே என்ற ஒன்றை நிறுத்த வேண்டும். அது தூங்காது. மணிக்கணக்கில் வாடகை, தாண்டும் தகவலுக்குத் தனிச் சுங்கம். இலவச ஃபங்ஷனுக்கு மாதா மாதம் ஆயிரக்கணக்கில் பில் வருவது இப்படித்தான். ஜி.எஸ்.டி. சுவிதா நிறுவனங்கள் என்று அரசு அங்கீகரித்த இடைத்தரகர்கள் மூலம் போனால் இந்தச் செலவைத் தவிர்க்கலாம். ஆனால் இன்னொரு நடு ஆள், இன்னொரு சாவி.

முகவரி கிடைத்து, இணைப்பும் நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் எல்லாம் நன்றாகப் போகிறது. எட்டாவது நாள் குமாஸ்தா வருகிறார். "சேட்ஜி, நாக்பூர் பார்ட்டிக்கு ஒரே ஆர்டருக்கு ரெண்டு பில் போயிருக்கு. ரெண்டுக்கும் பதிவு எண் இருக்கு."

எப்படி நடந்தது என்று பார்த்தால், யாரும் தப்பு செய்யவில்லை. பதிவுத் தளம் அன்று மெதுவாக இருந்தது. ஃபங்ஷன் பொறுமையாகக் காத்திருந்தது. லாம்டா ஃபங்ஷன் சும்மா விட்டால் 3 விநாடிதான் ஓடும், கேட்டுக்கொண்டால் 15 நிமிடம் வரை. அண்ணன் மகன் விவரமானவன், இரண்டு நிமிடம் என்று வைத்திருந்தான். ஆனால் கூப்பிட்ட பக்கத்துக்கும் ஒரு பொறுமை இருக்கிறதே. அமேசானின் பைத்தான் நூலகம் பதிலுக்காகக் காத்திருப்பது, மாற்றாவிட்டால், 60 விநாடி. நடுவில் ஏபிஐ கேட்வே என்ற வாசலை வைத்திருந்தால் அது வழக்கமாக 29 விநாடியில் கையை விரித்துவிடும். பதில் வரவில்லை என்றதும் கூப்பிட்டவர் மறுபடி கூப்பிட்டார். அது அவருடைய கடமை, நல்ல நோக்கத்தோடுதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். முதல் அழைப்பு சாகவில்லை, வேலையை முடித்துக்கொண்டுதான் இருந்தது. பதில் சொல்ல வந்தபோது கேட்க ஆள் இல்லை. இரண்டாவது அழைப்பும் தன் வேலையை முடித்தது.

பதில் வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. மணியார்டர் போன காலத்தில் இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. ஒப்புகைச் சீட்டு வரவில்லை என்பதற்காக யாரும் மறுநாளே இன்னொரு மணியார்டர் அனுப்பியதில்லை. தபால் ஆபீசில் போய் விசாரித்தார்கள்.

இந்த விஷயத்தில் அரசுப் பதிவுத் தளம் கெட்டிக்காரத்தனமாகவே அமைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அது தரும் 64 எழுத்து எண் குருட்டாம்போக்கில் வருவதல்ல. விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவணத்தின் வகை, பில் எண் ஆகிய நான்கையும் ஒரு கணித அரவையில் போட்டு எடுக்கும் சாறு. அதே நான்கையும் மறுபடி அனுப்பினால் அதே எண்தான் வரும். ஏற்கனவே பதிவாகிவிட்டது என்று தளம் மறுத்துவிடும். பிறகு எப்படி நாக்பூர் பார்ட்டிக்கு இரண்டு பில்?

பில் எண்ணை ஃபங்ஷன் போட்டதால். ஒவ்வொரு முறை விழித்தெழும்போதும் அடுத்த எண் என்ன என்று பார்த்து எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தான். முதல் அழைப்புக்கு 418, இரண்டாவதற்கு 419. அரசுத் தளத்தின் பார்வையில் இரண்டும் வேறு வேறு வியாபாரம். காவல்காரர் கண்ணை மூடவில்லை. இருவரும் வேறு சட்டை போட்டு வந்தார்கள்.

திருத்தம் ஒரே வரி. ஆர்டர் பதிவாகும்போதே, ஃபங்ஷனைக் கூப்பிடுவதற்கு முன்பே, பில் எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அதே ஆர்டருக்கு ஃபங்ஷனை நூறு முறை கூப்பிட்டாலும் ஒரே எண். முதல் முறைக்குப் பிறகு வரும் மறுப்பைப் பிழை என்று எண்ணிக் கலவரப்படாமல், "ஏற்கனவே முடிந்த வேலை" என்று எடுத்துக்கொண்டு பழைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக் கொடுக்கும்படி ஃபங்ஷனை எழுத வேண்டும். கம்ப்யூட்டர்காரர்கள் இதற்கு ஐடெம்பொட்டென்ஸி என்று வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். லிஃப்ட் பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் லிஃப்ட் ஒரு முறைதான் வருகிறது, அதுதான் சங்கதி.

திருத்தாமல் விட்டால் என்ன? தவறாகப் பதிவான இ-இன்வாய்ஸைத் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ரத்து செய்த பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. 24 மணி தாண்டினால் கிரெடிட் நோட் போட வேண்டும். அதற்குள் அந்தப் பில் வியாபாரியின் மாதாந்திர ஜி.எஸ்.டி. அறிக்கையிலும் தானாகப் போய் உட்கார்ந்துவிடும், நாக்பூர் பார்ட்டியின் பக்கத்திலும் தெரியும். சனிக்கிழமை மாலை நடந்ததைத் திங்கட்கிழமை காலையில் குமாஸ்தா கண்டுபிடித்தால் நேரம் கடந்துவிட்டது. குமாஸ்தாவே வேண்டாம் என்று சொல்லித்தானே இணைப்பைத் தொடங்கினார்கள் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

பதில் வந்தும் ஏமாற இடமுண்டு. லாம்டாவை நேரடியாகக் கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் முறையில், உள்ளே இருக்கும் புரோகிராம் தடுக்கி விழுந்தாலும் அமேசான் 200 என்ற எண்ணைத்தான் திருப்பி அனுப்பும். இன்டர்நெட் பாஷையில் 200 என்றால் எல்லாம் நலம். அமேசானின் தர்க்கம் அதன் அளவில் நியாயமானது: "ஃபங்ஷனைக் கூப்பிடச் சொன்னாய், கூப்பிட்டேன், என் வேலை முடிந்தது." உள்ளே விழுந்த விவரம் பதிலின் தலைப்பில் தனி வரியாக இருக்கும். அந்த வரியைப் பார்க்கும்படி இணைப்புத் தளத்தில் சொல்லி வைக்காவிட்டால், பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பில்கள் மட்டும் போகாது.

காத்திருக்காமல், "இதை எடுத்துக்கொள், முடிந்தபோது செய்" என்று போட்டுவிட்டு வரும் முறையும் உண்டு. அப்போது தோற்றுப்போன வேலையை லாம்டாவே இன்னும் இரண்டு முறை முயன்று பார்க்கும். அப்புறமும் முடியாவிட்டால், தோல்விகளைப் போட ஒரு இடம் ஏற்பாடு செய்யாதவர்களின் வேலையைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும்.

இன்னொரு ஆபத்து, வட்டம். ஆர்டர் மாறினால் ஃபங்ஷனைக் கூப்பிடு என்று இணைப்புத் தளத்தில் எழுதியிருக்கிறது. ஃபங்ஷன் முடிந்ததும் ஆர்டரில் பதிவு எண் எழுதப்படுகிறது. ஆர்டர் மாறிவிட்டது! மறுபடி கூப்பிடு. இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தால் காலைக்குள் எத்தனை சுற்று என்பது உங்கள் அதிர்ஷ்டம். தன் சேவைகளுக்குள்ளேயே சுற்றும் இப்படிப்பட்ட வட்டங்கள் சிலவற்றைக் கண்டுபிடித்து நிறுத்தும் வசதியை அமேசான் 2023 ஜூலையில் கொண்டு வந்தது. நடுவில் வெளியார் தளம் ஒன்று புகுந்துவிட்டால் அதன் கண்ணுக்கு அது வட்டமாகத் தெரியாது. ஒரே நேரத்தில் இத்தனை ஃபங்ஷன்தான் ஓடலாம் என்று நீங்களே வரம்பு வைத்துக்கொள்ளலாம். சேலைக் கடைக்கு ஐந்து போதும். பெரும்பாலோர் அதைத் தொடாமல் அமேசானின் வழக்கமான 1,000-த்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் பொறுப்பு யாருடையது என்பதில் சட்டத்துக்குக் குழப்பமில்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, தகவலை எதற்காகத் திரட்டுவது என்று தீர்மானிப்பவரே அதற்குக் காவலர். அவருக்காக வேலை செய்யும் இணைப்புத் தளமோ அமேசானோ கோட்டை விட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். உரிய பாதுகாப்பு இல்லாமல் தகவல் கசிந்தால் அபராதம் ரூ. 250 கோடி வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதற்கு முன்பே, 2022 ஏப்ரலில், செர்ட்-இன் அமைப்பு போட்ட உத்தரவு ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் ஊடுருவல் தெரிய வந்தால் 6 மணி நேரத்தில் தகவல் சொல்ல வேண்டும், இயக்கக் குறிப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அந்தக் குறிப்புகளில் என்ன எழுதப்படுகிறது என்று ஒரு நாள் திறந்து பார்ப்பது நல்லது. பிழை தேடும் அவசரத்தில் முழு ஆர்டரையும் அச்சடிக்கும் ஒரு வரியை எழுதிவிட்டு எடுக்க மறந்திருப்பார்கள். வாடிக்கையாளரின் பெயர், போன் எண், விலாசம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும்.

இணைப்பை ஓட விடுவதற்கு முந்தின நாள் காகா செய்யக்கூடியவை சில இருக்கின்றன. கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும். இணைப்புத் தளத்தின் கணக்கு யாருடைய இமெயிலில் பதிவாகியிருக்கிறது? அண்ணன் மகனின் சொந்த ஜிமெயில் என்றால், அவன் பெங்களூரில் வேலை கிடைத்துப் போகும் நாளில் கடைச் சாவி அவனோடு போகும். அடுத்து, ஒரே ஆர்டரை வேண்டுமென்றே இரண்டு முறை அனுப்பச் சொல்லலாம். இதற்குப் பதிவுத் தளமே சோதனைக்கென்று தனி வாசல் வைத்திருக்கிறது, நிஜ பில் போகாது. பிறகு ரோலின் அனுமதியைப் பிடுங்கிவிட்டு ஒரு ஆர்டர் போட்டுப் பார்க்கலாம். யாருக்காவது எச்சரிக்கை வருகிறதா, பச்சை விளக்கே எரிந்துகொண்டிருக்கிறதா?

குமாஸ்தாவை அனுப்பிவிடவும் வேண்டாம். இனி அவர் நாள் முழுக்கத் தட்ட வேண்டியதில்லை. மாலையில், கடை சாத்துவதற்கு முன்னால், மூன்று எண்ணிக்கைகளை ஒரு தாளில் எழுதினால் போதும்: இன்று வந்த ஆர்டர், இன்று போட்ட பில், இன்று வாங்கிய பதிவு எண். மூன்றும் ஒன்றாக இல்லாத நாளில் அவர் காகாவைக் கூப்பிட இன்னும் 24 மணி நேரம் முடிந்திருக்காது.